தவிட்டுக்குப் போன பிள்ளை

அத்தியாயம் பதினொன்று

பாப்பா எழுந்தபோது குனோங் ராபாட்டில் சேவல்கள்கூடத் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் குளியலறையில் வாளியை இறக்கிவைத்த சத்தத்தில்தான் அவை விழித்து, வெட்கப்பட்டு, அவசர அவசரமாகக் கூவின. அந்தக் கூவலில் பின்னாலிருக்கும் சுண்ணாம்பு மலையிலிருந்து ஒரு பாறை பெயர்ந்து உருண்டதாக அவள் கணவர் சின்னையா பிற்பாடு தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சின்னையா சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். எந்தப் பாதி என்பதுதான் சிரமம்.

அன்றைக்கு இரத்தம் கொடுக்கும் நாள்.

முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்பது டாக்டர் நவமணியின் கட்டளை. இனிப்புநீர் வியாதி உள்ள பாப்பாவுக்கு வெறும் வயிறு என்றால் உலகமே தோசையாகத் தெரியும். வெளுத்துக்கொண்டிருந்த நிலா தோசையாகத் தெரிந்தது. சுவர்க் கடிகாரம் தோசையாகத் தெரிந்தது. குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சின்னையாவின் வழுக்கையைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

டாக்டர் நவமணியை அதற்குள் மறந்திருக்க முடியாது. கோலாலம்பூரிலிருந்து வெள்ளை வேனில் வந்து, பேராக் மாநிலம் முழுக்க இரட்டைப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களைத் தேடி அலைகிறாரே, அந்த நெட்டைப் பெண்மணி. இரட்டையர் இரண்டு பேரின் இரத்தம், அவர்களைப் பெற்றவர்களின் இரத்தம், கூடப் பிறந்தவர்களின் இரத்தம் எல்லாவற்றையும் எடுத்து, பல்கலைக்கழகத்தில் ஆள் உயர ஐஸ் பெட்டியில் உறையவைத்து வருஷக்கணக்காகப் பாதுகாக்கப் போகிறார்களாம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது, மற்றவளுக்கு ஏன் வருவதில்லை என்பது இன்றைக்குப் புரியாவிட்டாலும் பத்து இருபது வருஷம் கழித்துப் புரியும். அன்றைக்கு இந்த இரத்தம் இருக்க வேண்டும். மார்க்கெட்டில் மீன் வாங்க நின்ற பாப்பாவிடம் டாக்டர் இதைச் சொன்னபோது, பாப்பா கையிலிருந்த கெம்போங் மீனை அப்படியே போட்டுவிட்டாள்.

ஏனென்றால் பாப்பாவுக்கு இனிப்புநீர். எல்ஸிக்கு இல்லை.

எல்ஸி சுங்கை சிப்புட்டில் இருக்கிறாள். பாப்பாவுக்கு எங்கே மச்சமோ அவளுக்கும் அங்கே மச்சம். இவள் தும்மினால் அவளுக்கு மூக்கு அரிக்கும். ஆனால் பாப்பா நெற்றி நிறையக் குங்குமம் வைத்த மாரியம்மன் பக்தை. எல்ஸி ஞாயிறு பூசைக்குத் தவறாத கத்தோலிக்கப் பெண். நாற்பத்தெட்டு வருஷமாக இருவரும் ஊர்ப் பேச்சில் வெறும் அக்கம்பக்கத்துக்காரர்கள். தவிட்டுச் சமாசாரம் தெரியாதவர்களுக்கு இது புரியாது.

மூங்கிலாற்றுத் தோட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்தில், பாப்பாவின் தாய் காளியம்மாவுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாம் பேறில் ஒன்றுக்கு இரண்டாகப் பெண்கள் வந்தபோது லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கூடி முடிவெடுத்தார்கள்: ஒன்றையாவது தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். விற்றுவிட்டால் அது அடுத்த வீட்டுப் பிள்ளை. காளியம்மா பிள்ளையைத் தேடி வருகிற எமன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். ஒரு முறத்தில் தவிடு, இன்னொரு முறத்தில் பிள்ளை, முறங்கள் கைமாறும். வருஷம் திரும்பியதும் சேலை, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான்.

வாங்கியவள் பக்கத்து அறைக் குழந்தையம்மாள். அவளுக்குப் பேரில் மட்டும்தான் குழந்தை இருந்தது.

வருஷம் திரும்பியது. காளியம்மா சேலையும் தட்டுமாகப் போய் நின்றாள். குழந்தையம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு சொன்னாளாம்: “நான் குடுத்த அதே தவிட்டைத் திருப்பிக் கொண்டா. புள்ளையத் தாரேன்.”

தவிடு எங்கே இருக்கும்? கோழிகள் தின்று, கோழிகள் முட்டையிட்டு, அந்த முட்டைகள் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கல்யாணத்தில் நூறு பேருக்குப் பரிமாறப்பட்டு எப்போதோ ஜீரணமாகிவிட்டன. பஞ்சாயத்துக் கூடியது. பேசிப் பேசித் தலைவர்களுக்குத் தாடி முளைத்தது. கடைசியில் காளியம்மா சேலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அப்படித்தான் எல்ஸி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமும் பாப்பா இந்தப் பக்கமுமாக வளர்ந்தார்கள். பாதியில் நின்றுவிட்ட சுவர் அது. மேலே முழுக்கத் திறப்பு. பாப்பாவுக்கு வாங்கிய பலகாரத்தில் பாதி அந்தத் திறப்பு வழியாக அந்தப் பக்கம் பறக்கும். கிறிஸ்துமஸ் கேக் இந்தப் பக்கம் பறந்து வரும். ஒருநாள் பாப்பா ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்ஸிக்குப் பதிலாக ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்து, பத்துக் கட்டளைகளைப் பதினொன்றாக ஒப்பித்தாள். எல்ஸி பாப்பாவுக்குப் பதிலாகப் பால்குடம் தூக்கி அருள் வந்து ஆடியதில் பூசாரியே பயந்து ஒதுங்கினார். பெரியவர்களாகி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனபோது எந்த மர நிரை யாருடையது என்று மேற்பார்வை பார்க்கும் தண்டலுக்குக் குழம்பியது. மரங்களுக்கும் குழம்பி, இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பால் கொடுத்துத் தொலைத்தன என்பார் சின்னையா.

முகம் ஏன் இப்படி ஒன்றாக இருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் யாராவது கேட்டால், குழந்தையம்மாள் கண்ணிமைக்காமல் பதில் சொல்வாள்: ஒரே கிணற்றுத் தண்ணீர். அவள் முன்னால் யாரும் அதை மறுத்ததில்லை. லயம் முழுக்க, பிறகு தோட்டத்தைத் துண்டாடி விற்று எல்லாரும் டவுனுக்குச் சிதறிய பிறகும், ஊரே சேர்ந்து கட்டிக்காத்த மரியாதை அது. எல்ஸி சின்னையாவைத் தனியாகப் பார்த்தால் ‘அத்தான்’ என்பாள். தாயார் பக்கத்தில் இருந்தால் ‘அண்ணே’.

பாப்பாவுக்கு மட்டும் ஒரு முள் உள்ளேயே இருந்தது. அம்மா என்னை வைத்துக்கொண்டாள், அவளை விற்றாள். புதுப்பாவாடை கட்டிய தீபாவளிகளில் எல்லாம், பலகைக்கு அந்தப் பக்கம் எல்ஸி சும்மா இருக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கும். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, எல்ஸியோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ‘நாங்க ரெட்டை’ என்று சொல்லிவிட வேண்டும். டாக்டர் நவமணி அதற்குத்தான் வேனில் வந்து இறங்கியதாகப் பாப்பா நம்பினாள்.

எல்ஸி சம்மதிக்க ஒரு மாதம் ஆனது. ஒரே நிபந்தனை: அம்மாவுக்குத் தெரியக்கூடாது. “என்னைப் பெத்தது அவங்கதான்னு இத்தன வருஷம் சொல்லிட்டாங்கக்கா. கடைசிக் காலத்துல அதை நான் புடுங்கவா?” என்று கேட்டவள், அதையும் மீறித்தான் வருகிறேன் என்றாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

ஆகவே, இரத்தம் எடுக்கும் பள்ளிக்கூட மண்டபத்தின் வாசலில், மலையடிவாரத்துப் பனி விலகும் முன்பே பாப்பா போய் நின்றாள். சுங்கை சிப்புட் டாக்சி வந்தது. முன் கதவு திறந்து எல்ஸி இறங்கினாள். முகம் செத்துப்போயிருந்தது.

பின் கதவு திறந்தது. முதலில் ஒரு குடை வந்தது. அப்புறம் ஒரு பெரிய ஜெபமாலை. அவற்றுக்குப் பின்னால், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், குழந்தையம்மாள்.

பாப்பா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். சின்னையா மலையைப் பார்த்தார். பார்த்தவிதத்திலேயே தெரிந்துவிட்டது. முந்தாநாள் சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் கிழவியைக் கண்டவர், வாய் அரிப்புத் தாங்காமல், எல்ஸிக்கு இரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்ற வரைக்கும் உளறிவிட்டு, மீதியை விழுங்கியிருக்கிறார். முழுசாக உளறியிருந்தால்கூடத் தேவலை.

“எம்மவ ஒடம்புல ஊசி குத்துறதுன்னா நான் பக்கத்துல இருக்க வேணாமா?” என்றாள் குழந்தையம்மாள். “நானும் ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. தாயாரு ரத்தமும் வேணுமாமே.”

எல்ஸி, சாவி கொடுத்த பொம்மை மாதிரி, சின்னையாவிடம் “வாங்கண்ணே” என்றாள்.

மண்டபத்துக்குள் உலகமே இரண்டு இரண்டாக இருந்தது. ஒரே மாதிரி மீசை வைத்த இரண்டு சீக்கியர்கள் யார் மூத்தவர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலாய்ப் பள்ளிச் சிறுமிகள் இருவர் ஒரே நொடியில் கொட்டாவி விட்டார்கள். ஒரு சீனத் தாத்தா, தன்னைப் போலவே இருந்த இன்னொரு சீனத் தாத்தாவைக் கண்ணாடி என்று நினைத்துத் தலையைச் சரிசெய்துகொண்டார் என்று சின்னையா சத்தியம் செய்வார். ஓரத்தில் சூடான மைலோ பானம் நிறைந்த பெரிய அண்டா. அதன் ஆவி பட்டினி கிடந்தவர்கள் மூக்கையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. ஊசி குத்திய பிறகுதான் அது.

ஜன்னலோரம் வெள்ளைப் பெட்டிகளில் ஐஸ் நிரப்பி, அதற்குள் விரல் நீளக் கண்ணாடிக் குழாய்களை நர்ஸ் மிஸ்ஸி அடுக்கினாள். இரண்டிரண்டாக. ஜோடி ஜோடியாக. 

டாக்டர் நவமணி இவர்களைக் கண்டதும் கல்யாண வீட்டுக்காரி மாதிரி எழுந்து வந்தார். இரண்டு நாற்காலிகள், பக்கத்துப் பக்கத்தில். பாப்பா எத்தனையோ மாதமாகக் கனவு கண்ட அதே நாற்காலிகள். தனித்தனி வீட்டில் வளர்ந்த இரட்டையர் என்றால் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையலாம். நடுவில் ஒரு பலகைதான் இருந்தது என்பதைப் பாப்பா அப்போதைக்குச் சொல்லவில்லை.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். பேர், பிறந்த தோட்டம். அப்புறம் சாதாரணமாக நிமிர்ந்து கேட்டார்.

“ரெண்டு பேரையும் பெத்த அம்மா பேரு என்னங்க?”

குழந்தையம்மாள் எல்ஸியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுடைய கை எல்ஸியின் தோளில் இருந்தது. ஆற்றைக் கடக்கும் படகின் ஓரத்தைப் பிடித்திருக்கிறவர்கள் மாதிரி இறுக்கமாகப் பிடித்திருந்தாள். விரல்கள் தோளில் பதிந்திருந்தன. கிழவியின் கண் டாக்டரைப் பார்க்கவில்லை. எல்ஸியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாப்பாவால் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் எல்ஸி கிடைப்பாள். அதே வார்த்தையில் அந்த விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு டாக்டர்,” என்றாள் பாப்பா. “நாங்க ரெட்டை இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க. ஒரே கெணத்துத் தண்ணி குடிச்சோம், அதான் மொகம் இப்படி.”

டாக்டர் நவமணி ஒரு மூக்கைப் பார்த்தார். இன்னொரு மூக்கைப் பார்த்தார். மச்சத்தைப் பார்த்தார். இன்னொரு மச்சத்தைப் பார்த்தார். படித்த படிப்பு அத்தனையும் தொண்டையில் வந்து நின்றது. எல்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் ஒரு சொட்டு விழுந்தது. எழுதியதை டாக்டர் அழித்துக்கொள்ளட்டும் என்று பாப்பா எழுந்து நின்றாள்.

குடை தரையில் ஒரு தடவை ‘டக்’கென்றது.

“எவடி பக்கத்து வீட்டுக்காரி?” என்றாள் குழந்தையம்மாள். “ஒரே வயித்துல, ஒரே ராத்திரியில பொறந்ததுங்க. எழுதிக்கம்மா. பெத்தவ காளியம்மா. நான் வாங்குனவ. தவிட்டுக்கு.”

மண்டபத்தில் சீக்கியர்கள் சண்டையை நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் நிறுத்தினார்கள். சின்னையா யாருக்கும் தெரியாமல் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த மைலோ சட்டையில் சிந்தியது.

எல்ஸி, “அம்மா” என்று ஏதோ தொடங்கினாள்.

“சும்மா இருடி. எனக்காக ஊரே நடிச்சீங்க. ஊருக்காக நான் நடிச்சேன். வயசாச்சுலா, இனிமே என்னால முடியல.” கிழவி பாப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். “இவளப் பாரு. ஆசைப்பட்டு வந்துட்டு, எனக்காகப் பொய் சொல்றா. உக்காருடி நாற்காலியில.”

பாப்பா உட்கார்ந்தாள். எல்ஸியின் கை தானாக வந்து அவள் கைமேல் விழுந்தது. நாலு பேர் என்ன, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘நாங்க ரெட்டை’ என்று சொல்லத்தான் ஆசைப்பட்டாள். இப்போது வாய் திறந்தால் தேம்பல்தான் வரும் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டாள்.

இதோடு அத்தியாயத்தை முடித்திருக்கலாம். டாக்டர் நவமணியின் ஒழுங்கு முடிக்கவிடவில்லை. இரட்டையர் என்றால் இரத்தம் மட்டும் போதாது, உடம்பையும் பார்த்துக் குறிக்க வேண்டுமாம். எந்தக் கை வாக்கு, காது மடல் எப்படி, கைரேகை எப்படி, தலைமுடிச் சுழி எந்தப் பக்கம். மிஸ்ஸி சீப்பின் காம்பால் எல்ஸியின் கொண்டையை அவிழ்த்து உச்சியைப் பிரித்துப் பார்த்தாள். வலப்பக்கச் சுழி. பாப்பாவின் தலையைப் பிரித்தாள். இடப்பக்கச் சுழி.

மிஸ்ஸிக்கு முகம் மலர்ந்தது. டாக்டர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். சில இரட்டையர் இப்படி இருப்பார்களாம். கண்ணாடியில் தெரிகிற உருவம் மாதிரி, ஒருத்திக்கு இந்தப் பக்கம் உள்ளது மற்றவளுக்கு அந்தப் பக்கம் இருக்கும். அப்படிக் கிடைப்பது அபூர்வம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். யாரும் கேட்கவில்லை. குழந்தையம்மாள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் பாப்பாவிடம் வந்துவிட்டிருந்தாள்.

அவள் பாப்பாவின் உச்சந்தலையில் விரலை வைத்தாள். சுழி எப்படிப் போகிறதோ அப்படியே விரலை ஓட்டினாள்.

“மொறத்துல இருந்த புள்ளைக்கு இடஞ்சுழி,” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. கிழவியே சொன்னாள், யாருக்கும் இல்லாமல் அந்தத் தலைக்குச் சொல்வது மாதிரி. வாங்கின அன்றைக்கே பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்து வைத்தவள் அவள். அப்புறம் காளியம்மா பிரசவ விடுப்பு முடிந்து பால் வெட்டப் போனாள், இவளும் போனாள். இரண்டு பிள்ளையும் பகலெல்லாம் ஆயாக்கொட்டகைத் தூளியில். ஆயா இரண்டையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டி, கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாக நீட்டுவாள். அந்த மாதக் கடைசியில் கோயிலில் ஞானஸ்நானம். பாதிரியார் தண்ணீர் ஊற்றினார், எல்ஸி என்று பேர் வைத்தார், முடி நனைந்து ஒட்டியது.

“அப்பதான் பாத்தேன். வலஞ்சுழி. என்னோட புள்ள அடுத்த வூட்டுல கெடக்கு.”

“சொல்லியிருக்கலாமே அத்தே,” என்றார் சின்னையா. அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

“எப்படிச் சொல்றது? சாமி தண்ணி ஊத்தியாச்சு. பேரு வச்சாச்சு. தலைய மாத்தி இன்னொரு தடவ ஊத்துங்கன்னு ஃபாதருகிட்ட போயி நிக்கவா? இல்ல, காளியம்மாகிட்ட போயி, நீ வித்தது ஒங்கிட்டயே இருக்குன்னு சொல்லவா? அப்ப வியாபாரமே செல்லாதுன்னு ரெண்டையும் இழுத்துக்கிட்டுப் போயிருப்பா.” கிழவி மூச்சு வாங்கினாள். “ரெண்டு நாளு யோசிச்சேன். அதுக்குள்ள இது என் வெரலப் புடிச்சுக்கிச்சு.”

இது என்றபோது அவள் எல்ஸியைக் காட்டினாள்.

பாப்பா அசையவில்லை. அவளுக்குப் பசி போயிருந்தது. மண்டபம், ஐஸ் பெட்டி, டாக்டர் எல்லாம் எங்கேயோ தூரத்தில் இருந்தன. நாற்பத்தெட்டு வருஷமாக அவள் வைத்துக்கொள்ளப்பட்ட பிள்ளை. அதற்காகப் பலகை மேலாகப் பலகாரம் வீசியவள். இப்போது, விற்கப்பட்டவள் அவள்தான். முறத்தில் கிடந்தது அவள். தவிடு வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்டது அவள்.

எல்ஸியும் அசையவில்லை. அவள் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், தன்னைப் பெற்றவளைக் காலமெல்லாம் எப்படி அழைத்தாளோ அதே முறையில் கேட்டாள்.

“அத்தைக்கு இது தெரியுமாம்மா?”

“பால் குடுத்தவளுக்குத் தெரியாதா?” என்றாள் குழந்தையம்மாள். “எனக்கு ஏதுடி பாலு. பால்மரக் காட்டுலேர்ந்து எறங்கி வந்து, ஈரச் சேலையோட ஒக்காந்து, ரெண்டையும் மடியில போட்டுக்கிட்டவ அவ. ஒண்ணு எப்பவும் எடப்பக்கம், ஒண்ணு வலப்பக்கம். கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவா எது எதுன்னு.”

அம்மாவின் கை பாப்பாவுக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்ட கை. சுழி கிட்டே வந்ததும் அந்தச் சீப்பு ஒரு கணம் நிற்கும். சிக்கு என்று இவள் நினைத்திருந்தாள்.

“அப்ப ஏன் மாத்திக்கல?” என்று பாப்பா கேட்டாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் நிஜமான கேள்வி அது. “எடுத்துட்டு வந்து மாத்திக்கிட்டிருக்கலாமே. என்னைய ஒங்ககிட்ட குடுத்துட்டு, இவளக் கொண்டு போயிருக்கலாமே. விக்கணும்னு நெனச்சவ என்னைய ஏன் வச்சுக்கிட்டா?”

“அத அவ சொன்னா. ஒரு தடவதான் சொன்னா.”

“என்ன சொன்னா?”

குழந்தையம்மாள் சுற்றிலும் பார்த்தாள். இரண்டு சீக்கியர்கள், இரண்டு சிறுமிகள், இரண்டு தாத்தாக்கள், எல்லாரும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இங்க சொல்ற பேச்சு இல்ல. மூங்கிலாத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அவ எந்த எடத்துல நின்னு சொன்னாளோ, அங்க வச்சுச் சொல்றேன்.” பிறகு டாக்டர் பக்கம் திரும்பி ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். “மொதல்ல ஒங்க வேலைய முடி.”

டாக்டர் நவமணி தயங்கினார். பெற்ற தாயின் இரத்தம்தான் கணக்கில் சேரும் என்று மென்மையாக விளக்கினார். பெற்றவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இருக்கிறவளிடம் எடுத்துக்கொள் என்றாள் கிழவி. டாக்டர் கொஞ்சம் யோசித்தார். ஒரே சமையலைச் சாப்பிட்டு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களின் இரத்தமும் வேண்டும்தான், எது பிறப்பில் வந்தது, எது சோற்றில் வந்தது என்று பிரித்துப் பார்க்க அது உதவும் என்றார். ஆராய்ச்சிக்காகச் சொன்னாரா, அந்த நீட்டிய கைக்காகச் சொன்னாரா, தெரியாது. சொன்னார்.

மிஸ்ஸி மூன்று பேருக்கும் எடுத்தாள். பாப்பாவின் நரம்பு ஒளிந்துகொண்டது. எல்ஸியின் நரம்பும் அதே இடத்தில் ஒளிந்துகொண்டது. குழந்தையம்மாள் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று குழாய்களும் ஐஸுக்குள் போயின. வரிசையைப் பார்த்தபோது சிரிப்பாக இருந்தது. மண்டபத்தில் எல்லாம் இரண்டிரண்டு, இவர்களுடையது மட்டும் மூன்று.

மைலோ வந்தது. பிஸ்கட் வந்தது. கிழவி மைலோவில் சீனி போதவில்லை என்றாள். சின்னையா ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் எதற்கு ஓடச் சொன்னாலும் ஓடுவார்.

வெளியே டாக்சிக்காரச் சீனர் செய்தித்தாளை மடித்துவிட்டு, சுங்கை சிப்புட்டா என்று கேட்டார். சுங்கை சிப்புட்டையும் தாண்டி, இப்போது செம்பனைக்காடாகிவிட்ட மூங்கிலாற்றுத் தோட்டம் என்றார் சின்னையா. செம்மண் பாதையில் வண்டி ஏறாது என்றார் டாக்சிக்காரர். ஏறும் என்றார் சின்னையா. அந்தப் பாதையில் தன் அப்பா யானையையே ஓட்டியிருக்கிறார் என்று ஆரம்பித்தவர், பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, யானையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு முன் சீட்டில் ஏறினார்.

பின் சீட்டில் பாப்பாவும் எல்ஸியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப் போனார்கள். குழந்தையம்மாள் குடையால் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கினாள். நடுவில் ஏறி, இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ இந்தப் பக்கம் வா,” என்று பாப்பாவின் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சு ஒட்டிய கை. கிழவி அதை விடவில்லை. மறு கை எல்ஸியைப் பிடித்திருந்தது.

“தூக்கம் வருதுன்னா சாஞ்சுக்க,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் சாய்ந்தன. டாக்சி மலையைச் சுற்றித் திரும்பி, மூங்கிலாற்றுப் பக்கம் ஓடத் தொடங்கியது.